நியோடிமியம் காந்தத்தின் மேல் செப்புக் கம்பி சுற்றினால் இரண்டின் பலமும் சேருமா?

பழைய இரும்பைத் தூக்கும் கருவி ஒன்றைச் செய்ய இருப்பதாகவும், நியோடிமியம் எனும் வலிமையான நிலைக்காந்தத்தின் மேல் கம்பி சுற்றி மின்னோட்டம் கொடுத்தால் இரட்டிப்புப் பலம் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு புலங்களும் கூடும் என்பது சரிதான். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடாது.

மின்காந்தத்துக்குப் பலம் கொடுப்பது கம்பியை விட நடுவிலுள்ள மெல்லிரும்பு அகணிதான். சுருளின் சிறிய புலத்தை அது பெருமளவில் பெருக்குகிறது. நியோடிமியமோ ஏற்கெனவே முழுமையாகக் காந்தமேற்றப்பட்ட பொருள். அதன் சார்பு உட்புகவிடுமியல்பு, அதாவது காற்றோடு ஒப்பிடும்போது சுருளின் புலத்தை எத்தனை மடங்கு பெருக்கும் என்ற அளவு, ஏறத்தாழ 1.05 மட்டுமே என்பதால், சுருளைப் பொறுத்தவரை அகணி இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருப்பதற்கும் அந்தக் காந்தம் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கொடுக்கும் மின்சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகவே போகும். சாதாரண வகை நியோடிமியம் 80 பாகை செல்சியசைத் தாண்டினால் நிரந்தரமாகவே பலம் இழக்கத் தொடங்கும்.

இரண்டையும் சேர்ப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. பிடித்து வைத்திருக்கும் வேலையைக் காந்தத்திடமும் மாற்றும் வேலையை மின்னோட்டத்திடமும் விட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. திருகோணமலையில் மோட்டர், ஸ்பீக்கர் சுற்றும் தொழிலில் இருப்பதால் ஸ்பீக்கரையே உதாரணமாகச் சொல்கிறேன். ஸ்பீக்கரின் பின்னாலுள்ள கறுப்பு நிறப் பெரைற்றுக் காந்த வளையம் தன் புலத்தை இரும்புத் தகடுகளின் வழியாக ஒரு குறுகிய வட்ட இடைவெளிக்குள் குவித்துக் கொடுக்கிறது. அதற்குள் நிற்கும் மெல்லிய சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது சுருளும் கடதாசிக் கூம்பும் அசைகின்றன. எங்கள் கடற்காற்றில் அந்தத் தகடுகள் துருப்பிடித்து, துருத்துகள் இடைவெளிக்குள் விழுந்து சுருளை உரசும். இரும்புத்தூள் கலந்திருந்தால் காற்றடித்தும் வெளியே வராது. ஒட்டும் நாடாவை மடித்து உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். மின்சாரமே இல்லாமல் காந்தம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதை அப்போது கண்ணால் காணலாம்.

உங்கள் வேலைக்கு நெருக்கமானது வேறொரு அமைப்பு. உருக்குத் தகடு தூக்கும் சில பாரந்தூக்கிகளில் நியோடிமியமும், அலுமினியம், நிக்கல், கோபாற்று கலந்த அல்னிக்கோ என்ற காந்தமும் அருகருகே இருக்கும். சுருள் அல்னிக்கோவின் மேல் மட்டும் சுற்றப்பட்டிருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு புலம் தருபவை. ஆனால் அல்னிக்கோவின் துருவத்தைத் திருப்ப நியோடிமியத்துக்குத் தேவையானதில் மிகச் சிறிய பங்கே போதும். ஒரு கணநேர மின்துடிப்பு அதைத் திருப்பிவிடும். துருவங்கள் ஒரே திசையில் நின்றால் காந்தப்பாயம், அதாவது காந்தப்புலக் கோடுகளின் ஓட்டம், வெளியே வந்து தகட்டைப் பிடிக்கும், எதிர்த்திசையில் நின்றால் உள்ளேயே சுழன்று தகட்டை விட்டுவிடும். துடிப்பு முடிந்த பின் மின்சாரம் தேவையில்லை என்பதால், கரண்ட் நின்றாலும் தூக்கிய பாரம் விழாது. வெறும் மின்காந்தத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

நீங்களே செய்வதானால் காந்தத்தை நடுவில் வைத்து, இரு பக்கமும் மெல்லிரும்புத் துருவங்களைப் பொருத்தி, சுருளை அந்தத் துருவங்களின் மேல் சுற்றுங்கள். காந்தத்துக்கு எதிரான திசையில் மின்னோட்டம் கொடுத்தால் இரும்பு விடுபடும். இழுவிசை புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: 1 டெஸ்லாவில் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 4 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். இரும்போ 2 டெஸ்லா அளவில் நிரம்பிவிடும், அதன்பின் புலத்தைப் பெரிதாகப் பெருக்காது. மெல்லிய தகரம் அதற்கு வெகு முன்பே தன்னால் கொண்டுசெல்லக்கூடிய பாயத்தின் எல்லையை எட்டிவிடும். ஆகவே தூக்கப்போகும் இரும்பின் தடிப்பையும் உங்களிடமுள்ள பற்றரியின் வோல்ற்றளவையும் எழுதுங்கள், சுற்றுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுத் தருகிறேன்.