இளவரசர் மிகேல் பிழைத்திருந்தால் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நாடாகியிருக்குமா?

ஒரே மன்னர் கிடைத்திருப்பார். ஒரே நாடு என்பது சந்தேகம்தான். 1498 ஆகஸ்டில் சரகோசாவில் பிறந்த மிகேல், போர்ச்சுகல் மன்னர் முதலாம் மானுவேலின் மகன். ஸ்பெயினின் இரு அரசுகளான காஸ்டைலின் அரசி இசபெல்லாவுக்கும் அரகானின் மன்னர் ஃபெர்டினாண்டுக்கும் பேரன். மூன்று முடிகளுக்கும் வாரிசு. 1500 ஜூலையில், இரண்டு வயது நிறையுமுன்னே கிரனாடாவில் இறந்தார்.

உயிரோடிருந்தால் பாட்டி இறந்த 1504இல் காஸ்டைல், தாத்தாவுக்குப்பின் 1516இல் அரகான், தந்தைக்குப்பின் 1521இல் போர்ச்சுகல் என முடிகள் தவணை முறையில் வந்திருக்கும். சிக்கல் முதல் தவணையிலேயே. ஆறு வயது மன்னருக்காக காஸ்டைலை ஆள்வது தாத்தாவா, தந்தையா? பிரபுக்கள் இரு கட்சியாகப் பிரிந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

நிர்வாகமும் இணைந்திருக்காது. 1580இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் போர்ச்சுகலைப் பெற்றபோதும், 1581இல் தோமார் நகரில் கூடிய போர்ச்சுகல் பிரதிநிதிகள் சபையில் அந்நாட்டின் சட்டம், நாணயம், பதவிகளைத் தனியாகவே வைக்க ஒப்புக்கொண்டார். அந்த இணைப்பும் 1640இல் முறிந்தது.

பெரிய மாற்றம் வேறிடத்தில்: ஃபெர்டினாண்டுக்குப்பின் உண்மையில் ஸ்பெயினைப் பெற்ற, ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து சார்லஸுக்கு ஸ்பெயினே கிடைத்திருக்காது.