நின்றதற்கு விழுந்த அடி

அன்புள்ள ஐயா,

குதிரையேற்றம் எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்த பழக்கம். என்னிடம் இருப்பது 12 வயதுக் குதிரை. சாது என்றால் அப்படி ஒரு சாது, யார் என்ன செய்தாலும் காதைக்கூட அசைக்காது. போன மாதம் வழக்கமான பாதையில் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு பழைய தார்ப்பாய் கிடந்த இடத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் மிரண்டு, பக்கவாட்டில் துள்ளி, தறிகெட்டு ஓடியது. இத்தனைக்கும் போகும்போது அதே தார்ப்பாயை இடப்பக்கம் விட்டு அமைதியாகக் கடந்துபோன குதிரை. இரண்டு கைகளாலும் லகானை இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. மேட்டில் ஏறி, மூச்சு வாங்கி, தானாகத்தான் நின்றது. நின்றதும் இறங்கி நாலு சாட்டை கொடுத்தேன். அதிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் நான் பயந்துகொண்டே போகிறேன், அதுவும் எதையாவது பார்த்து வெறிக்கிறது. இன்னும் கடுமையான கடிவாள இரும்பு போடு என்கிறார்கள். போடலாமா? இந்த மாதிரி நேரத்தில் என்னதான் செய்வது? இனி இதை நம்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரும்பு வேண்டாம். மிரண்ட குதிரையின் வாயில் வலியையும் கூட்டினால் அது அந்த வலியிலிருந்தும் சேர்த்து ஓடும். நம்பலாமா என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள், குதிரையும் உங்களைப் பற்றி அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கும்.

என்னை உடனே பதில் எழுத உட்கார வைத்தது, போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வரி. நின்றதும் நாலு சாட்டை. எதற்கு அடித்தீர்கள்? ஓடியதற்கு என்பீர்கள். ஆனால் குதிரை தான் செய்ததையும் அடுத்து நடந்ததையும் சேர்த்து முடிச்சுப் போடுவது அந்த ஓரிரு நொடிக்குள்தான். நீங்கள் சேணத்திலிருந்து இறங்கி, சாட்டையைக் கை மாற்றி, ஓங்குவதற்குள் அந்த ஓட்டம் பழங்கதை. அப்போது அது செய்துகொண்டிருந்த காரியம் நின்றுகொண்டிருந்தது மட்டுமே. அதன் கணக்கில் அடி விழுந்தது நின்றதற்கு. அடுத்த தடவை மிரளும்போது எதற்காக அது நிற்க வேண்டும், சொல்லுங்கள்? இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. கிரேக்கப் படைத்தலைவர் ஸெனஃபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தது: மிரண்ட குதிரையை அடித்தால், அந்த வலிக்கும் தான் பார்த்துப் பயந்த பொருளே காரணம் என்று அது நினைத்துக்கொள்ளும், பயம் இன்னும் கூடும். 2300 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாம் இன்னும் சாட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வீரத்தைக் காட்ட வேறு இடமே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

சரி, கோபத்தை விடுகிறேன். அரை டன் உடம்பு உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது, உயிர் போய் உயிர் வந்திருக்கும், கை கால் நடுங்கியிருக்கும். அந்த நடுக்கத்தில் செய்த காரியம் என்று புரிகிறது. அதற்காக உங்களை மோசமான ஆள் என்று நினைக்கவில்லை. ஆனால் இனி அந்தச் சாட்டையைக் கொண்டுபோகாதீர்கள்.

‘எந்தக் காரணமும் இல்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். போகும்போது பார்த்த தார்ப்பாய்க்குத் திரும்பும்போது ஏன் மிரள வேண்டும் என்பது பழைய புதிர். குதிரையின் இடது கண் பார்த்தது வலது கண்ணுக்குத் தெரியாது என்று இன்றும் பலர் அடித்துச் சொல்வார்கள். சோதித்துப் பார்த்துவிட்டார்கள், அது சரியில்லை, ஒரு கண்ணால் கற்றதை மறு கண்ணாலும் செய்கிறது. மறுபக்கத்திலிருந்து பார்க்கையில் பொருளின் உருவமும் நிழலும் வேறு, அதனால் அதற்கு அது புதிய பொருள். தவிர, தார்ப்பாய் ஒன்றே காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. காற்று, எங்கோ குரைத்த நாய், உங்களுடைய அவசரம், முதுகில் ஒரு வலி என்று வழியெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தாங்கிக்கொண்டு வந்து கடைசியில் ஏதோ ஒன்றில் உடையும். அந்தக் கடைசி ஒன்றின் மேல்தான் நாம் பழியைப் போடுவோம்.

ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது தார்ப்பாய் அல்ல, அந்தக் ‘காதைக்கூட அசைக்காது’. பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருக்கும் குதிரையின் காது சும்மா இருக்காது ஐயா. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று தனித்தனியாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், உங்கள் பேச்சுக்கு ஒரு காது, பாதைக்கு ஒரு காது.

நான் பழகிய லாயத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரை இருந்தது. புதிதாக வருகிறவர்களை எல்லாம் அதன்மேல்தான் ஏற்றுவார்கள், அவ்வளவு நல்ல பெயர். ஒருநாள் யாரோ சைக்கிள் மணி அடித்ததற்கு அது ஆளைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடியது. திமிர் பிடித்துவிட்டது என்றார்கள். அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒன்றும் பேசாமல் சேணத்தை இறக்கினார். கட்டைவிரலை முதுகுத்தண்டின் ஓரமாக மெல்ல அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் ஈ உட்கார்ந்ததுபோல் தோல் வெடுக்கென்று சிலிர்த்தது, முதுகு பள்ளமாக இறங்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடியும். அப்புறம் பிடரி முடிகிற மேட்டுப் பக்கம் மயிரை ஒதுக்கிக் காட்டினார். அந்தச் செம்பழுப்புக்கு நடுவே காசு அகலத்துக்கு வெள்ளை மயிர். சேணம் அழுத்தி அழுத்திப் புண்ணான இடத்தில் மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கும், ஒரே நாளில் வருகிற காரியம் அல்ல அது. “எப்ப இருந்து சொல்லிட்டிருக்கு பாருங்க” என்றார்.

சொல்லத்தான் செய்திருக்கிறது. வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்கியிருக்கிறது, வாலை விசிறியிருக்கிறது, கடிக்க வருவதுபோல் தலையைத் திருப்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதட்டி அதட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு சாது என்று பெயர் வைத்தார்கள். எல்லா சாதுக் குதிரையும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே நிம்மதியான குதிரைகள் உண்டு. ஆனால் அவற்றுக்குக் காது அசையும்.

என்ன செய்வது என்றுதானே கேட்டீர்கள், எங்கேயோ போய்விட்டேன். மிரண்ட முதல் இரண்டு மூன்று எட்டுக்குள் செய்தால்தான் எதுவும் எளிதில் பலிக்கும். இரண்டு லகானையும் சேர்த்து இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரைக்கு எதிர்த்து இழுக்க ஒரு பிடிமானம் கிடைத்துவிடும், அந்த இழுபறியில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. ஒரு பக்க லகானை மட்டும் சுருக்கித் தலையைப் பக்கவாட்டில் வளைத்தால் பின்னங்கால் குறுக்கே நகரும், பாய்கிற பலம் குறையும். முழுப் பாய்ச்சலில் மட்டும் இதை வெடுக்கென்று செய்யாதீர்கள், குதிரையோடு சேர்ந்து விழுவீர்கள். அப்போது ஒரு கையைப் பிடரியில் ஊன்றிக்கொண்டு மற்றதால் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, இடம் இருந்தால் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். முன்னால் குனியாதீர்கள். பயத்தில் கெண்டைக்கால் தானாக இறுகும், குதிரைக்கு அது இன்னும் வேகமாகப் போ என்கிற கட்டளை. மூச்சைச் சத்தமாக வெளியே விடுங்கள். தலைக்கவசம் போடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஓடாமல் தலையைத் தூக்கி வெறித்து நின்றால், பார்க்க விடுங்கள். இறங்க முடிந்தால் இறங்குங்கள், அதில் ஒரு மானக்கேடும் இல்லை. இறங்கி நடத்தும்போது மிரட்டுகிற பொருளுக்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் இருங்கள். அது பொருளிலிருந்து விலகித்தான் துள்ளும், மறுபக்கம் நின்றீர்கள் என்றால் உங்கள் மேல்தான் விழும். லகானைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

உங்கள் பயம் பற்றி ஒன்று. ஸ்வீடனில் ஒரு சோதனை, 2009இல் வெளிவந்தது. ஆட்களைக் குதிரையோடு ஒரே பாதையில் சில தடவை போகச் சொல்லிவிட்டு, கடைசித் தடவை மட்டும் ‘இப்போது குடையை விரிக்கப் போகிறோம்’ என்றார்கள். விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆளின் இதயத் துடிப்பு ஏறியது, கூடவே குதிரையுடையதும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது சேணத்துக்கு மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் சேர்த்துத்தான். கொஞ்ச நாள் ஏறாதீர்கள். கூடவே நடந்து போங்கள், எளிதில் மிரளாத இன்னொரு குதிரை துணைக்கு இருந்தால் இன்னும் நல்லது.

அதற்கு முன்னால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு முதுகு, பல், கண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், சேணத்தையும் எடுத்துக் காட்டுங்கள். போகும்போது தார்ப்பாய் இடப்பக்கம் என்கிறீர்கள், அப்படியானால் மிரண்டபோது வலப்பக்கம். கண் அழற்சி வந்து வந்து போகும் ஒரு நோய் குதிரைகளுக்கு உண்டு, பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இப்போது வெறிக்கிறதே, அதெல்லாமும் வலப்பக்கம்தானா என்று யோசித்துப் பார்த்து எழுதுங்கள்.