பட்டை தீட்டிய கல், படத்தில் நடுவே வெளுத்துத் தெரிவது ஏன்?

கேள்வி: சில ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கற்களுக்குப் பட்டை தீட்டி வருகிறேன். பெரும்பாலும் அமெதிஸ்ட், சிட்ரின். கையில் அழகாக இருக்கும் கல், படம் எடுத்தால் நடுவே வெளுத்துப்போகிறது. அமெதிஸ்டின் ஊதா நிறமும் நீலமாகிவிடுகிறது. ஆன்லைனில் விற்ற இரண்டு கற்கள் “படத்தில் பார்த்தது போல இல்லை” என்று திரும்பி வந்துவிட்டன. நல்ல கேமரா வாங்க வேண்டுமா? விலையை எப்படி வைப்பது? அடுத்து நீலக்கல் தீட்ட ஆரம்பிக்கலாமா?

பதில்: கேமராவை மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளில் நிறம் மாறுவதற்கு மட்டும்தான் கேமரா பொறுப்பு. நடுவில் தெரியும் வெளுப்பு கல்லிலேயே இருக்கிறது. கையில் பிடித்திருக்கும்போது கல்லை அசைத்துக்கொண்டே இருப்போம், அடியில் விரலின் நிறமும் ஏறும், அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். அசையாத ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கேமரா அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கல்லை இடுக்கியில் பிடித்து, டேபிள் (கல்லின் உச்சியிலுள்ள பெரிய தட்டைப் பட்டை) மேலே பார்க்கும்படி, அச்சிட்ட தாளுக்கு ஒட்டினாற்போல வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். நடுவில் எழுத்துகளைப் படிக்க முடிந்தால் அதுதான் ‘விண்டோ’. மேலிருந்து இறங்கும் ஒளி திரும்பி வராமல் அடிவழியாகக் கசிந்துவிடுகிறது.

குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்த அமெதிஸ்ட், சிட்ரின் இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் 1.544 முதல் 1.553 வரை. அதற்கான மாறுநிலைக் கோணம், அதாவது உள்ளே பட்டையில் விழும் ஒளி கசியாமல் முழுவதும் திரும்பத் தொடங்கும் கோணம், சுமார் 40.4 டிகிரி. பெவிலியனின் (கல்லின் கீழ்ப்பாதி) முதன்மைப் பட்டைகள் சாயும் கோணம் அதற்குக் கீழே இருந்தால் விண்டோ நிச்சயம். கல் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒளி நிற்க வேண்டும் என்பதால் 42 முதல் 43 டிகிரி வரை வைப்பதே வழக்கம். பயந்துபோய் இன்னும் ஏற்றிவிடவும் கூடாது. பெவிலியனை 47 டிகிரிக்குக் கொண்டுபோனால், முதல் பட்டையில் எதிரொளித்த ஒளி எதிர்ப்பட்டையில் 39 டிகிரியில் போய் விழும். அங்கே கசிந்து, நடுப்பகுதி கறுத்துவிடும். ஆக, உங்களுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறுகியது. குவார்ட்ஸ் மலிவான கல்தான், ஆனால் கோணத்தில் கண்டிப்பானது.

கோணம் குறைந்துபோனதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். நீலக்கல்லுக்காகப் போட்ட வடிவமைப்பை அப்படியே குவார்ட்ஸில் தீட்டியிருப்பீர்கள். நீலக்கல்லின் மாறுநிலைக் கோணம் 34.6 டிகிரிதான், அதில் 39 டிகிரி ஜொலிக்கும், குவார்ட்ஸில் அதே கோணம் ஓட்டையாகும். அல்லது கச்சாக் கல் தட்டையாக இருந்திருக்கும், அகலத்தை இழக்க மனமில்லாமல் கோணத்தைத் தாழ்த்தியிருப்பீர்கள். இந்த இரண்டாவதுதான் நம் எல்லோரையும் பிடித்து ஆட்டுவது. காரட்டைக் காப்பாற்றப் போய் ஒளியை விட்டுவிடுகிறோம்.

ஒரு கல்லுக்கான வடிவமைப்பை இன்னொன்றுக்கு மாற்றும்போது எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே அளவு டிகிரியைக் கூட்டாதீர்கள், முனைகள் சந்திக்காமல் போகும். டேன்ஜென்ட் விகிதப்படி மாற்ற வேண்டும். ஜெம்கேட் போன்ற மென்பொருள் அதைச் செய்து தரும். கிரௌனையும் (கல்லின் மேற்பாதி) பெவிலியனையும் தனித்தனியாக மாற்றுங்கள்.

திரும்பி வந்த கற்களை மறுபடியும் தீட்டலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 8 மி.மீ. வட்டக் கல்லின் பெவிலியன் 38 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அதன் ஆழம் சுமார் 3.1 மி.மீ. அதே ஆழத்தில் 42.5 டிகிரிக்கு மாற்றினால் அகலம் 6.8 மி.மீ. ஆகிவிடும், எடையில் ஏறக்குறைய கால் பங்கு போகும். அப்படியும் மாற்றுங்கள் என்பேன். 8 மி.மீ. அகலத்தில் ஓட்டையாக இருப்பதைவிட, 6.8 மி.மீ.யில் விளிம்புவரை நிறம் நிறைந்த கல்லைத்தான் யாரும் விரும்பி எடுப்பார்கள்.

இனி படம். ஊதா நிறத்தைப் பிடிப்பது கைபேசிக் கேமராக்களுக்குக் கடினமானது. வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதை நீலத்தின் பக்கம் தள்ளிவிடும். முதலில் அறையில் ஒரே வகை வெளிச்சத்தை வையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. நிறத்தை உண்மையாகக் காட்டும், சிஆர்ஐ 95க்கு மேலுள்ள எல்இடி விளக்கு போதும். கல்லின் பக்கத்தில் சாம்பல் நிற அட்டையை வைத்து, அதைக்கொண்டு ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு எடுங்கள். அப்படியும் நீலம் மிஞ்சினால், கல்லைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணுக்குத் தெரியும் நிறம் வரும்வரை சாயலை மட்டும் நகர்த்துங்கள். செறிவைக் கூட்டும் பட்டனைத் தொடவே வேண்டாம். கற்கள் திரும்பி வர அதுவே பெரிய காரணம்.

கல் கறுத்துத் தெரிந்தால் லென்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நன்றாகத் தீட்டிய கல், தனக்கு மேலே இருப்பதையே திருப்பிக் காட்டும். நேர் மேலே கைபேசியும் உங்கள் தலையும் குனிந்து நின்றால் அந்த இருட்டுதான் கல்லுக்குள் விழும். கொஞ்சம் விலகி நின்று ஜூம் செய்யுங்கள், அல்லது வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்குத் துளை போட்டு அதன் வழியே எடுங்கள். விளக்குக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத்தாளைத் தொங்கவிட்டால் வெளிச்சம் மென்மையாகும். ஆனால் மென்வெளிச்சம் மட்டும் இருந்தால் கல் செத்துப்போய்த் தெரியும். பக்கவாட்டில் சின்ன டார்ச் ஒன்றைக் காட்டினால் மினுக்கு வந்துவிடும். பின்னணி சாம்பல் நிறமாக இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக் கல்லை இருட்டாக்கிவிடும்.

எடுக்கும் முன் பத்து மடங்கு லென்ஸில் தூசியைப் பார்த்து ஊதி எடுங்கள். அதே லென்ஸில் டேபிளில் கீறல் தெரிந்தால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு எந்திரத்துக்குப் போங்கள். முந்தைய அரைக்கும் தட்டின் ஒரு துகள் பாலிஷ் தட்டில் ஏறியிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கல்லையும் கையையும் நகக்கண்ணையும் கழுவுவது அதற்காகத்தான். உலர்வாக மட்டும் ஒருபோதும் அரைக்காதீர்கள். குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் சிலிகோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு நிழற்படத்தோடு, கல்லை மெதுவாகச் சாய்க்கும் சில விநாடி வீடியோவும் போடுங்கள். விண்டோ இருந்தால் அதில் தெரிந்துவிடும், தெரியட்டும். பகல் வெளிச்சத்தில் ஒன்று, மஞ்சள் பல்பில் ஒன்று என இரண்டும் காட்டினால் இன்னும் நல்லது. அமெதிஸ்ட் சில நேரம் பல்பு வெளிச்சத்தில் சிவப்புப் பக்கம் சாயும். வாங்குபவர் மாலையில் உறையைப் பிரித்துப் பார்க்கும்போது திகைக்க வேண்டியிருக்காது.

விலையில் முதல் வேலை, காரட் கணக்கில் விற்பதை நிறுத்துவது. கல் ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். காரட்டுக்கு இவ்வளவு என்று விற்கிறவரை எடையைக் காப்பாற்றும் ஆசை கோணத்தைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். பட்டை தீட்டியபின் கச்சாக் கல்லின் எடையில் பொதுவாக 20 முதல் 30 சதவீதம்தான் மிஞ்சும். 20 காரட் கச்சாவில் 4 முதல் 6 காரட். எனவே கச்சாவின் முழு விலை, தட்டுத் தேய்மானம், பாலிஷ் தூள், பாதியில் உடைந்த கற்கள் எல்லாவற்றையும் விற்கும் கல்லின் மேல்தான் ஏற்ற வேண்டும். அமெதிஸ்டில் உழைத்த மணிநேரத்துக்குக் கூலி கிடைக்காது, மொத்தமாகத் தீட்டிய கற்கள் அவ்வளவு குவிந்து கிடக்கின்றன. உங்கள் பலம், முனைகள் துல்லியமாகச் சந்திக்கும் வேலைப்பாடு. அதைத் தேடி வருபவர்களுக்கு விற்பதுதான் சரி. நகைக்காரர்களும் உங்களிடம் வர வேண்டுமானால் 6, 7, 8 மி.மீ. வட்டம், 8×6 மி.மீ. நீள்வட்டம் என ஆயத்த அமைப்புகளில் உட்காரும் அளவுகளில் தீட்டுங்கள். கிரௌனும் பெவிலியனும் சேரும் இடுப்புப் பட்டையைக் கத்திமுனை போல மெலிதாக விடாதீர்கள், பதிக்கும்போது விளிம்பு உடையும். எடையோடு மி.மீ. அளவையும் கட்டாயம் எழுதுங்கள். நீலக்கல் குவார்ட்ஸைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி கொண்டது, ஒரே காரட்டில் சிறிதாகத்தான் இருக்கும்.

சிட்ரினைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி சூடேற்றிய அமெதிஸ்ட். ஆய்வகத்தில் வளர்த்த அமெதிஸ்டும் கச்சாவாகக் கலந்து வருகிறது, அதை லென்ஸால் மட்டும் பிரித்தறிவது பெரும்பாலும் முடியாது. கச்சா விற்றவர் சொன்னதை உங்கள் சொல்லாக மாற்றாமல், “விற்றவர் சொன்னபடி இயற்கை, சோதனை செய்யவில்லை” என்று எழுதிவிடுங்கள். சூடேற்றியது தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீலக்கல்லுக்கு இப்போதே போக வேண்டாம். கடினத்தன்மை 9, தட்டும் பாலிஷ் முறையும் மாறும், கச்சாவில் போடும் பணமும் பெரிது. நடுவே கார்னெட்டில் கை பழகுங்கள். எந்தத் திசையில் வெட்டினாலும் நிறம் மாறாது, ஒளிவிலகல் எண் அதிகம் என்பதால் கோணத்திலும் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஆனால் சீக்கிரம் கறுத்துவிடும் கல் அது. வாங்கும்போது விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து மயங்காதீர்கள். தீட்டியபின் ஒளி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும், தடிமனைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தூரம் கடக்கும். கச்சாவை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், அப்போதும் சிவப்பு தெரிந்தால் எடுங்கள், 6 மி.மீ.க்கு உள்ளேயே தீட்டுங்கள்.