மரத்த வாயோடு சோறு சாப்பிடலாமா?

மருந்துக்கடைக்காரர் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து ஒரே மருந்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. வாயையும் தொண்டையையும் மரக்கவைக்கிற லிக்னோகெய்ன். அதனால் இந்தப் பக்கம் முழுக்க அதற்கே. சர்க்கரை மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய், கதிர்வீச்சு ஐந்தாவது வாரம் ஓடுகிறது. வாய் முழுக்கப் புண். 61 கிலோ இருந்தவர் 48க்கு வந்துவிட்டார். டாக்டர் லிக்னோகெய்ன் விஸ்கஸ் என்ற கொழகொழப்பான கொப்பளிக்கிற மருந்தை எழுதிக் கொடுத்தார். கொப்பளித்துத் துப்ப வேண்டுமா, விழுங்க வேண்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? அதைப் போட்டால்தான் நாலு ஸ்பூன் கஞ்சியாவது இறங்குகிறது, ஆனால் மருந்தோடு வந்த சீட்டில் ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது என்று இருக்கிறது. அப்புறம் எப்போதுதான் அவர் சாப்பிடுவது? (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: கடைசியில் கேட்டீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இந்த மருந்து புண்ணை ஆற்றாது. வலியைத் தூக்கிக்கொண்டு போகிற நரம்பில் சோடியம் நுழைகிற வாசலை அடைத்துவிடும், சேதி மூளைக்குப் போகாது, அவ்வளவுதான். ஆனால் வலிக்கு ஒரு நரம்பு, சூட்டுக்கு ஒரு நரம்பு என்று அது பார்த்துப் பார்த்து அடைப்பதில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே அமுக்கிவிடும். சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோமே, அந்தப் புரையேறுதல்தான் சோறு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்கிற காவல்காரன். தொண்டை மரத்திருந்தால் காவல்காரன் தூங்கிவிடுவான். இருமல்கூட வராமல் கஞ்சி உள்ளே போய்விடலாம், அது நிமோனியாவில் கொண்டுவிடும். 60 நிமிடம் சாப்பிடாதீர்கள் என்று போட்டிருப்பது இதற்காக.

வலி வாயில் மட்டும்தானா, தொண்டையிலுமா? இதை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாயில் மட்டும் என்றால் தலையை நிமிர்த்தாமல் வாய்க்குள்ளேயே சுழற்றிக் கொப்பளித்து முழுக்கத் துப்பிவிட வேண்டும், ஒரு சொட்டும் விழுங்க வேண்டியதில்லை. தொண்டையிலும் என்றால் தலையை நிமிர்த்திக் கரகரவென்று கொப்பளிக்கச் சொல்வார்கள், டாக்டர் சொல்லியிருந்தால் விழுங்கவும் செய்யலாம். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பச் சொல்லும் புற்றுநோய் டாக்டர்களும் உண்டு, ஏனென்றால் பட்டினி கிடப்பதும் அவருக்கு ஆபத்துதான். உங்கள் டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தால் சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவர் சொன்னபடி செய்யுங்கள். சொல்லவில்லை என்றால் நீங்களாக முடிவெடுக்காமல் நாளைக்குக் கதிர்வீச்சுக்குப் போகும்போது இதே வார்த்தையில் கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் நேராக உட்கார்ந்து, கால் ஸ்பூன், அரை ஸ்பூனாக, ஆறின கஞ்சி. சுடச்சுட ரசம் வேண்டவே வேண்டாம். நாக்கு வெந்துபோனது மருந்து இறங்கின பிறகுதான் தெரியும்.

இப்போது அளவு. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லி வரை, இரண்டு தடவைக்கு நடுவே குறைந்தது 3 மணி நேரம், 24 மணி நேரத்தில் 8 தடவைக்கு மேல் கூடாது என்பது பொதுக்கணக்கு. ஆனால் அதற்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2 சதவீத மருந்து என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம், 15 மில்லியில் 300 மில்லிகிராம். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் அப்பா 48 கிலோ. 48ஐ 4.5ஆல் பெருக்கினால் 216 மில்லிகிராம், கிட்டத்தட்ட 10 மில்லி. 61 கிலோ இருந்தபோது யாராவது 'ஒரு மூடி' என்று சொல்லியிருந்தால் அதே மூடி இன்றைக்குப் பெரியது. அதிலும் புண்ணான வாய் நல்ல வாயைவிட வேகமாக மருந்தை ரத்தத்துக்கு அனுப்பும், வயதும் இருக்கிறது, ஆகவே 10 மில்லியைவிடவும் குறைவாகவே டாக்டர் சொல்லலாம். கடையில் ஊசி இல்லாமல் 10 மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்கி அதில் அளந்து எடுங்கள். மூடி, டீஸ்பூன், உள்ளங்கை எல்லாம் அளவே இல்லை.

ரத்தத்தில் அதிகமாகிவிட்டால் காதில் ரீங்காரம், தலைசுற்றல், பார்வை மங்கல், குழறுகிற பேச்சு, கைகால் துடிப்பு என்று ஆரம்பித்து வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும். காதில் ரீங்காரம் என்று அப்பா சொன்னால் அடுத்த தடவை கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மற்றவற்றில் எது தெரிந்தாலும் 108. கல்லீரல் கோளாறு இருந்தாலோ, இதயத் துடிப்புக்கு மருந்து சாப்பிட்டாலோ, புரோப்ரனலால் எடுத்தாலோ டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இந்த மருந்தை உடம்பு கழித்துக்கட்டுவது கல்லீரல் வழியாகத்தான்.

இன்னொன்று. தண்ணீர் இறங்காத அளவுக்கு வலி என்றால் கொப்பளிக்கிற மருந்து மட்டும் போதாது. வலிக்கு மாத்திரை, சொட்டு, தேவைப்பட்டால் மார்ஃபின்கூட உண்டு. மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பதும் உண்டு. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். இப்படி வலியோடு இருப்பவர்கள் யாரும் வாய் விட்டுக் கேட்பதில்லை என்பதுதான் இத்தனை வருடம் கவுன்டரில் நின்று நான் பார்த்தது.

கேள்வி: என் 8 மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. ராத்திரியெல்லாம் அழுகை. மாமியார் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஜெல் வாங்கி வந்து ஈறில் தடவச் சொல்கிறார். தடவினால் அழுகை நிற்கும் என்கிறார். தடவலாமா? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: வேண்டாம். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

குழந்தை ஜொள்ளு விடும், பத்தே நிமிடத்தில் ஜெல் கரைந்து வயிற்றுக்குப் போய்விடும், மறுபடி அழும், மறுபடி தடவுவோம். இப்படி ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை தடவினோம் என்று காலையில் யாருக்கும் தெரியாது. 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, லிடோகெய்ன் விஸ்கஸை (நம் லிக்னோகெய்ன்தான்) கொடுத்ததால் 5 மாதத்திலிருந்து மூன்றரை வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஏற்பட்ட 22 மோசமான பாதிப்புகளை ஆராய்ந்து, பல் முளைக்கிற வலிக்கு இதைக் கொடுக்காதே என்று லேபிளில் கட்டம் கட்டி அச்சடிக்க வைத்தது. அந்த 22இல் மரணங்களும் உண்டு. 2018இல் பென்சோகெய்ன் என்ற இன்னொரு மரக்கிற ஜெல்லையும் 2 வயதுக்குக் கீழே போடக்கூடாது என்றது. பென்சோகெய்ன் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை வேறொன்றாக மாற்றிவிடும், அது ஆக்சிஜனைச் சுமக்காது. ரத்தம் சாக்லேட் நிறமாகும், உதடும் நகமும் சாம்பல் பூத்தோ நீலம் பாரித்தோ போகும், குழந்தை மூச்சு வாங்கும். முன்னால் நாலு தடவை போட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிட முடியாது, ஐந்தாவது தடவையும் வரலாம். அப்படி ஒரு நிறம் கண்ணில் பட்டால் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் ஆஸ்பத்திரி.

டியூபைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் கோலின் சாலிசிலேட் என்று இருக்கும். அது ஆஸ்பிரின் குடும்பம். பிரிட்டனில் 2009இலேயே 16 வயதுக்குக் கீழ் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் இது லிக்னோகெய்னோடு கலந்தும் வருகிறது, ஆகவே 'ஜெல்தானே' என்று எதையும் எடுக்க வேண்டாம்.

அழுகைக்கு என்ன செய்வது? சுத்தமான பருத்தித் துணியை நனைத்து ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். ஃப்ரீசரில் கல்லாக உறைய விடாதீர்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலால் ஈறை அழுத்தித் தேய்த்தாலே பாதி அழுகை அடங்கும். நல்ல காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அதைப் பல்லின் தலையில் கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு நாக்கின் ஓரத்தில் ஒரே இடத்தில் புண், இரண்டு மாதமாக இருக்கிறது. மரக்கிற ஜெல் போட்டால் வலி இல்லை, வேலை ஓடுகிறது. டிரைவர் வேலை, பாக்குப் பழக்கம் உண்டு. தொடர்ந்து போட்டால் பக்கவிளைவு வருமா? (சேலம் வாசகர்)

பதில்: பக்கவிளைவு பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் இந்த வாரமே பல் டாக்டரிடமோ அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலோ நாக்கைக் காட்டுங்கள். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும், அடுத்தது வேறு இடத்தில் வரும். ஒரே இடத்தில் மூன்று வாரத்தைத் தாண்டினால் அது வேறு கதையாக இருக்கலாம். கூரான பல் குத்துவதாகவும் இருக்கலாம், பாக்குப் போடுகிறவருக்கு அதற்கு மேலாகவும் இருக்கலாம். சின்னதாக ஒரு சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு மாதமாக ஜெல் உங்களுக்குச் செய்தது டாக்டரிடம் போகாமல் வைத்திருந்தது மட்டும்தான். பாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: யூடியூபில் லிடோகெய்ன் என்கிறார்கள், நம் கடையில் லிக்னோகெய்ன் தருகிறார்கள். இரண்டும் ஒன்றா? என் பெண்ணுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி, மாமாவுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்றும்போது போடுகிற ஜெல்லி வீட்டில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் தொண்டையில் தடவலாமா? (ஆசிரியை, தென்காசி)

பதில்: இரண்டும் ஒன்றேதான். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கியது, 1948இல் விற்பனைக்கு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் லிக்னோகெய்ன் என்றார்கள், நாமும் அப்படியே பழகிவிட்டோம். ஒன்றுதானே என்று யூடியூபில் சொன்ன அளவை அப்படியே எடுக்காதீர்கள், ஏனென்றால் பெயர் ஒன்றானாலும் 2 சதவீதக் கொப்பளிக்கிற மருந்து, 2 சதவீத ஜெல்லி, 4 சதவீதத் திரவம், 10 சதவீத ஸ்ப்ரே எல்லாம் ஒன்றில்லை. அந்த ஸ்ப்ரேயை ஒரு தடவை அழுத்தினாலே 10 மில்லிகிராம் இறங்கும், டாக்டர் கையில் இருக்க வேண்டிய சமாச்சாரம் அது.

மாமாவின் ஜெல்லியை மாமாவுக்கே விடுங்கள். ஏற்கெனவே திறந்த டியூப் வேறு. பெண்ணுக்குக் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, இருமல் சளி இல்லை என்றால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். அதை மரக்கவைத்து மூடி மறைத்தால் பின்னால் இதய வால்வைப் பதம் பார்க்கிற ருமாட்டிக் காய்ச்சலில் கொண்டுவிடலாம். டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை முழுக்கக் கொடுங்கள். அதுவரை வலிக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு.

கேள்வி: பல் பிடுங்கிவிட்டு வந்த என் 7 வயதுப் பையன் ஒரு மணி நேரத்தில் கீழுதட்டைக் கடித்துக் குதறிக்கொண்டான், வீங்கிப்போய் நிற்கிறது. மரக்கப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா? (நாகர்கோவில்)

பதில்: ஊசி நன்றாகவே வேலை செய்திருக்கிறது! உதடு தன்னுடையது என்றே தெரியாமல் ஏதோ சூயிங்கம் மாதிரி சப்பியிருப்பான். அடிக்கடி நடக்கிறதுதான். துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது ஒற்றி எடுங்கள். இரண்டொரு நாளில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும், அதைச் சீழ் என்று நினைத்து யாரும் கிள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ பல் டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த தடவை உதட்டைக் கிள்ளினால் வலிக்கிறது என்று அவனே சொல்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், அதுவரை பிஸ்கட்கூடக் கையில் கொடுக்காதீர்கள்.