நடைக்குப் போகிற நேரம் நஷ்டமா?

கேள்வி: வயது 42. உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். 30 வருஷம் நடந்தால் மொத்தம் ஏழரை மாதம் நடையிலேயே போய்விடுகிறது. அந்த அளவுக்காவது ஆயுள் கூடாவிட்டால் இது வெட்டி வேலைதானே?
(வாசகர், திருச்சி)

பதில்: கூட்டல் சரிதான் சார், வரவுப் பக்கத்தில் ஆயுளை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. 70 வயதில் மாத்திரை டப்பாவோடு இருக்கிறோமா, தானே கடைக்குப் போய் வருகிறோமா என்பதையும் எழுத வேண்டாமா?

லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றி ஜெர்ரி மோரிஸ் 1953-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. சரி, டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே குண்டாக இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தச் சந்தேகம் மோரிஸுக்கும் வந்து, சீருடை தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார், டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது!

அதனால் நான் அதிகம் நம்புவது நம்ம சென்னைக் கணக்கை. சர்க்கரை நோய் வரும் எல்லையில் நின்றவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைத் தினமும் அரை மணி நேரமாவது நடக்க வைத்து, சாப்பாட்டையும் திருத்தினார் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு. 2006-ல் முடிவு வந்தது: மூன்று வருஷத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பு 28 சதவீதம் போலக் குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே பலன்தான். மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் ஆகும் காசு, ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு காத்திருக்கும் நேரம், இதெல்லாம் உங்கள் நோட்டில் எந்தப் பக்கம்?

உலக சுகாதார நிறுவனம் கேட்பதே வாரத்துக்கு 150 நிமிடம்தான், வாரத்தின் 10,080 நிமிடங்களில் ஒன்றரை சதவீதம். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றும் இல்லை, ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினாலும் கணக்கில் சேரும். வேகம், பேச முடியணும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான்.

போக வர ஒரு மணி நேரம் தின்னும் ஜிம் என்றால், பிடிக்காதவர்களுக்கு அது நஷ்டம்தான், நானே சொல்வேன். ஆனால் தசைக்கும் வாரம் இரண்டு நாள் வேலை வேண்டும், அதற்கு வீட்டிலேயே தண்டால், பஸ்கி எடுக்கலாம். நடக்கும்போது நெஞ்சை அடைத்தால் மட்டும் நடையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.