மலைக் குக்கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய்: வனத்துறை தடுத்தால்?

வணக்கம். உங்கள் 20 வீட்டுக் குக்கிராமத்துக்கு வரும் குழாயைக் காட்டு எல்லையில் வனத்துறை நிறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) பாருங்கள். காட்டு நிலத்தை எந்தெந்தப் பொது வசதிக்கு விடலாம் என்ற பட்டியல் அது. குடிநீர்க் குழாய் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. தேவைப்படும் காட்டு நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்கணும்.

சிக்குவது பரிந்துரையில்தான். தீர்மானத்தில் "குடிநீர் வசதி வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் வனத்துறையில் செல்லாது. ஊற்றிலிருந்து தொட்டி வரை எத்தனை மீட்டர், பள்ளத்தின் அகலம், மரம் எத்தனை, "பிரிவு 3(2)" எல்லாம் அதிலேயே வரணும். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு: 800 மீட்டர், 1 மீட்டர் அகலம் என்றால் 0.08 ஹெக்டேர்தான்.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வரணும் என்பது. தமிழ்நாட்டில் வழக்கமான ஊராட்சி கிராம சபைக்கு மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர்; வன உரிமை விதிகளின்படி கூடும் கிராம சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரணும். சிதறிக் கிடக்கும் மலை ஊராட்சியில் இதில்தான் கவிழும். ஆட்களை அழைத்துவர வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தீர்மான நகலை ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். ஒன்றியத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் உண்டு. தீர்மான நகலோடு மனு கொடுக்க வேண்டியது "கிராம ஊராட்சி" என்று பலகை இருப்பவருக்கு.