லைட்டை அணைக்க விடாத படங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "உங்களை ரொம்ப பயமுறுத்தின படம் எது"ன்னு ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தேன், இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. பேய்ப்படம் பத்தி எழுதச் சொன்னா பாதிப்பேர் அவங்கவங்க வீட்டைப் பத்தி எழுதியிருக்கீங்க, கிணத்தடி, மாடிப்படி, பாத்ரூம் கதவுன்னு. அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. சில பதில்ல கதை வெளிய வரும், படம் பாக்காதவங்க அதைத் தாண்டிப் போயிடுங்க.

கேள்வி: சார், நான் காலேஜ் படிக்கும்போது 'தி எக்ஸார்சிஸ்ட்' பாத்துட்டு ஒரு வாரம் தூங்கல. இப்ப என் 19 வயசுப் பையனுக்குப் போட்டுக் காட்டினா சிரிக்கிறான். படத்துக்கு வயசாயிடுச்சா? (மதுரை வாசகர்)

படத்துக்கு வயசாகல சார், பையன் பாத்த விதம்தான் வேற. 1973 டிசம்பர் 26ம் தேதி அந்தப் படம் அமெரிக்காவுல ரிலீஸ் ஆச்சு, குளிர்ல ஜனங்க தியேட்டர் வாசல்ல வரிசை கட்டி நின்னாங்க, உள்ள போனவங்க மயங்கி விழுந்தாங்க வாந்தி எடுத்தாங்கன்னு அப்பவே பேப்பர்ல வந்துச்சு. தலை பின்பக்கம் திரும்புற சீன், பச்சையா கக்குற சீன், இதைத்தான் எல்லாரும் பேசுவாங்க, உங்க பையன் சிரிச்சதும் அதுக்காகத்தான் இருக்கும், ஏன்னா அதையெல்லாம் அவன் காமெடிப் படத்துலயும் மீம்லயும் எத்தனையோ தடவை பாத்து முடிச்சுட்டான். ஆனா நிறைய பேர் பாக்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்ட சீன் வேற. ஆஸ்பத்திரி சீன். பேய் பிடிச்ச அந்தப் பொண்ணைப் படுக்க வச்சு கழுத்துல ஊசி குத்துவாங்க, ரத்தம் பீச்சும், அப்புறம் அந்த எக்ஸ்ரே மெஷின் டமார் டமார்னு அடிக்கும். அங்க பேயே கிடையாது சார், டாக்டருங்க அவங்க வேலையைப் பாக்குறாங்க, புள்ள கத்துது, அவ்ளோதான்.

நான் அந்தப் படத்தை ரெண்டாவது தடவை பாத்தது எனக்குக் குழந்தை பொறந்ததுக்கு அப்புறம். அப்பதான் புரிஞ்சுது, முதல் ஒரு மணி நேரம் பூரா ஒரு அம்மா தன் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு டாக்டரா ஏறி இறங்குற கதை, யாருக்கும் என்ன வியாதின்னு தெரியல, ஒருத்தர் நரம்புங்கிறார், ஒருத்தர் மனசுங்கிறார், கடைசியில டாக்டருங்களே பாதிரியாரைப் பாருங்கன்னு சொல்லிடுறாங்க. நம்ம ஊர்லயும் இது நடக்குறதுதானே, ஆஸ்பத்திரியில கைவிரிச்ச பிறகு கோடாங்கிகிட்ட போய் உடுக்கை அடிக்கச் சொல்ற அம்மாக்களை நான் பாத்திருக்கேன், அந்த முகத்துல இருக்கிற பயம்தான் படத்துல அம்மாவா நடிச்ச எலன் பர்ஸ்டின் முகத்துல இருக்கு.

அப்புறம் பேய் ஓட்டுற அந்த ரூம்ல பேசும்போது வாயில இருந்து ஆவி வருதே, அது நிஜ ஆவி. செட்டுக்கே ஏசி போட்டு உறையிற அளவுக்குக் குளிர வச்சாங்க, அந்தச் சின்னப்பொண்ணு லிண்டா பிளேர் மெல்லிசு நைட்டியோட அதுக்குள்ள படுத்திருந்தா. பேயோட குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ்ங்கிற நடிகையோடது, பச்சை முட்டையை முழுங்கி சிகரெட் பிடிச்சு தொண்டையைக் கெடுத்துக்கிட்டு அந்தக் கரகரப்பைக் கொண்டு வந்தாங்க. உங்க பையனை ஒருநாள் ராத்திரி தனியா, ஃபோனை வேற ரூம்ல வச்சுட்டு, முதல்ல இருந்து பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: அண்ணா, 'ரிங்கு' ஜப்பான் படம் பாத்ததுல இருந்து ஆஃப் பண்ணின டிவியைக் கூட திரும்பித் திரும்பிப் பாக்குறேன். ஹாஸ்டல்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க. ஏன் இந்தப் படம் மட்டும் போக மாட்டேங்குது? (தஞ்சாவூர், கல்லூரி மாணவி)

கிண்டல் பண்றவங்களை விடுங்கம்மா, அவங்களுக்கும் பாத்தா பயப்படுற ஒரு பொருள் இருக்கும், சொல்ல மாட்டாங்க. 1998ல ஹிடியோ நகாட்டா எடுத்தது அது. ஒரு வீடியோ கேசட், பாத்தா 7 நாள்ல சாவு. படத்துல முக்கால்வாசி நேரம் பேயே வராது, ரெண்டு பேர் அந்தக் கேசட் எங்க இருந்து வந்துச்சுன்னு ஊர் ஊரா தேடுவாங்க, அவ்ளோதான் கதை. கடைசியில சடாகோங்கிற அந்தப் பேய் கிணத்துல இருந்து ஏறி டிவியை விட்டு வெளிய நடந்து வர்றா பாருங்க, அந்த நடையைக் கவனிச்சீங்களா? அந்த நடிகையைப் பின்னாடி பின்னாடி நடக்க வச்சு ஷூட் பண்ணி, அதைத் திருப்பி ஓட விட்டிருக்காங்க. நம்ம கண்ணுக்கு முன்னாடி நடந்து வர்ற மாதிரிதான் தெரியும், ஆனா முட்டி மடங்குறது, தோள் குலுங்குறது எல்லாம் தப்புத் தப்பா இருக்கும், எது தப்புன்னு சொல்லவும் தெரியாது. முகத்தைக் கூட காட்டல, முடிக்கு நடுவுல ஒரு கண்ணு மட்டும்.

நீளமா முடி, வெள்ளைத் துணி, கிணறு, இது ஜப்பான்ல ரொம்பப் பழைய விஷயம். எஜமானன் வேலைக்காரப் பொண்ணு ஒருத்தியைக் கொன்னு கிணத்துல போட, அவ ராத்திரி ராத்திரி வந்து தட்டை எண்ணிக்கிட்டு இருப்பாங்கிற கதையை அவங்க மேடையில பல காலமா நடிச்சிருக்காங்க. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த பொண்ணுக்கு பாழுங்கிணறுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம், அதனாலதான் சட்டுனு உள்ள இறங்கிடுச்சு. ஆனா பழைய கிணத்தை அந்தப் படம் புது டிவிக்குள்ள கொண்டு வந்து வச்சுது பாருங்க, அதுதான் போக மாட்டேங்குது. பேய் காட்டுலயோ பங்களாவுலயோ இருந்தா நாம அங்க போகாம இருந்துக்கலாம். டிவி நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கே.

எனக்கு அது அடுப்பு. சின்ன வயசுல எங்க ஊர் டூரிங் டாக்கீஸ்ல 'ஜகன்மோகினி' போட்டாங்க, விட்டலாச்சார்யா படம், 1978. அதுல பேய் விறகுக்குப் பதிலா தன் காலையே அடுப்புல வச்சு சமைக்கும். மணல்ல உக்காந்து பாத்தேன், அக்கா மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டேன், ஆனா பாக்காமலும் இருக்க முடியல. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு விடியக்காலம் ஆத்தா அடுப்புக்கு முன்னாடி உக்காந்திருந்தா முதல்ல கால் எங்க இருக்குன்னு பாத்துட்டுதான் கிட்ட போவேன்.

கேள்வி: 'சைக்கோ' குளியலறைக் கொலையில கத்தி உடம்புல படுறதைக் காட்டவே இல்லைன்னு என் நண்பன் சொல்றான். நான் பாத்தேனே! (சேலம் வாசகர்)

பாத்த மாதிரி இருக்கும். 1960ல ஹிட்ச்காக் எடுத்தது, அந்த முக்கால் நிமிஷத்துக்கு ஒரு வாரம் ஷூட்டிங், துண்டு துண்டா வெட்டி ஒட்டினது, கத்தி குத்தி உள்ள இறங்குறது கண்ணுல படுற மாதிரி எதுலயும் கிடையாது, மிச்சத்தை உங்க மனசு போட்டுக்கிச்சு. ரத்தம்னு ஓடினது சாக்லேட் சிரப், குத்துற சத்தம் முலாம்பழத்துல கத்தியைச் சொருகின சத்தம். ஹிட்ச்காக் முதல்ல அங்க மியூசிக்கே வேண்டாம்னுதான் சொன்னார், மியூசிக் போட்ட பெர்னார்ட் ஹெர்மன் வெறும் வயலின் குடும்பத்து வாத்தியங்களை மட்டும் வச்சு கீச்சுக் கீச்சுனு வாசிச்சுக் காட்டினதும் மனசு மாறிட்டார். ஒரு தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க, பாதி பயம் காணாமப் போயிடும். அதுல நடிச்ச ஜேனட் லீயே படத்தைப் பாத்ததுக்கு அப்புறம் ஷவர்ல குளிக்கிறதை விட்டுட்டதா சொல்லியிருக்காங்க.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' முழுசா பாக்கணும்னு பந்தயம் கட்டியிருக்கோம். பாக்கலாமாண்ணே? (கோயம்புத்தூர் வாசகர்)

பாக்காதீங்க தம்பி. 1980ல வந்த இத்தாலியப் படம், அதுல நடிச்சவங்க நிஜமாவே செத்துட்டாங்கன்னு நம்பி டைரக்டர் மேல கேஸ் ஆகி, அவர் நடிகர்களை உயிரோட கொண்டு வந்து காட்ட வேண்டி வந்துச்சு. மனுஷங்க பொழைச்சுக்கிட்டாங்க. ஆனா அதுல சாகுற மிருகங்க நிஜமாவே செத்துச்சு, ஆத்துல இருந்து ஒரு பெரிய ஆமையை இழுத்துப் போட்டு கேமரா முன்னாடி வெட்டுறாங்க, அது நடிப்பு இல்ல, ட்ரிக் இல்ல. அதைப் பாத்து வர்றது பயமும் இல்ல, குமட்டல், அப்புறம் ஒரு கோபம். பயம்னா அடுத்து என்ன ஆகுமோன்னு நெஞ்சு அடிச்சுக்கணும், இது கண்ணு முன்னாடி ஒரு உயிரைக் கொல்றதை உக்காந்து பாக்குறது. ரெண்டையும் ஒண்ணா போட்டு "டிஸ்டர்பிங் படம்"னு லிஸ்ட் போடுறாங்களே, அது எனக்கு சுத்தமா ஒத்துக்கல. பந்தயத்துல தோத்துட்டேன்னு சொல்லி எழுந்து வந்துடுங்க, நான் உங்க பக்கம்.

கேள்வி: 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' பாத்தேன், ஒண்ணுமே காட்டல, மரமும் இருட்டும்தான். இதுக்கா உலகமே பயந்துச்சு? (யாழ்ப்பாணம் வாசகர்)

1999ல அதைப் பாத்தவங்க நிறைய பேர் அது நிஜம்னு நம்பிக்கிட்டு போய் உக்காந்தாங்க. படம் வர்றதுக்கு முன்னாடியே வெப்சைட் போட்டு, இந்த மூணு மாணவர்களைக் காணோம்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டியிருந்தாங்க. நீங்க தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தீங்க, அது ஒரு நஷ்டம்தான். ஆனா படம் எடுத்த விதத்தைச் சொன்னா ஒருவேளை மனசு மாறும். நடிகர்கள் மூணு பேர்கிட்டயே கேமராவைக் குடுத்து மேரிலாண்ட் காட்டுக்குள்ள அனுப்பிட்டாங்க, முழு வசனம் எழுதிக் குடுக்கல, அன்னன்னைக்கு என்ன பண்ணணும்னு துண்டுக் காகிதத்துல எழுதி வச்சுட்டுப் போவாங்க, சாப்பாட்டை நாளுக்கு நாள் குறைச்சாங்க. ராத்திரி டைரக்டருங்களே வந்து டென்ட்டைப் பிடிச்சு ஆட்டுறது, குழந்தைங்க சத்தத்தை டேப்ல போடுறது. அந்தப் பசியும் எரிச்சலும் அழுகையும் பாதிக்கு மேல நிஜம். இன்னொரு விஷயம், கடைசி ஷாட்ல ஒருத்தன் சுவரைப் பாத்து மூலையில நிக்கிறான், அது ஏன்னு ஆரம்பத்துலயே ஊர்க்காரர் ஒருத்தர் பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போறார், அதைக் கவனிக்காம விட்டவங்களுக்கு அந்த ஷாட் ஒண்ணுமே இல்ல, கவனிச்சவங்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். மறுபடி முதல் 15 நிமிஷம் பாருங்க.

கேள்வி: என் 8 வயசுப் பொண்ணு டிவியில 'காஞ்சனா' பாத்துட்டு ராத்திரி பாத்ரூமுக்குக் கூட தனியா போக மாட்டேங்குறா. என்ன பண்றது சார்? (சென்னை, ஒரு அம்மா)

அதெல்லாம் பேய் இல்ல போய்ப் படுன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. அவளுக்கு பயம் நிஜம், நீங்க பேயே இல்லைன்னு சொல்லிட்டா அவ அதை உங்ககிட்ட சொல்றதை நிறுத்திடுவா, அவ்ளோதான் நடக்கும். எந்த இடம் பயமா இருந்துச்சுன்னு பகல்ல கேளுங்க, அவளே படம் வரைஞ்சு காட்டுவா. அப்புறம் மேக்கப் போடுற வீடியோ ஏதாவது போட்டுக் காட்டுங்க, இந்த மாமாதான் அந்தப் புடவையைக் கட்டிக்கிட்டார், இப்படித்தான் பொட்டு வச்சுக்கிட்டார்னு. கொஞ்ச நாளைக்கு பாத்ரூம் லைட் எரியட்டும், கூடப் போங்க, அவசரப்படுத்தாதீங்க. அண்ணன் தம்பி யாராவது இருந்தா ஒளிஞ்சு நின்னு "பே"ன்னு கத்த விடாதீங்க. சில வாரம் ஆகியும் தூக்கம் சரியாகலைன்னா குழந்தைங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை பேசிடுங்க.

கேள்வி: தமிழ்ல இப்ப பேய்ப்படம்னாலே காமெடிதானே? நிஜமா பயமுறுத்தின தமிழ்ப்படம் ஒண்ணு சொல்லுங்க. (திருநெல்வேலி வாசகர்)

2007ல 'முனி', 2011ல 'காஞ்சனா' ஜெயிச்சதும் அந்த வழி பெருவழி ஆயிடுச்சு, குடும்பத்தோட போய் சிரிச்சுட்டு கத்திட்டு வர்ற படம், அதுல தப்பில்ல. ஆனா எனக்கு 2009ல வந்த 'யாவரும் நலம்' மேல தனிப் பிரியம். புது அபார்ட்மென்ட்ல 13வது மாடி, கூட்டுக் குடும்பம், பால் திரிஞ்சு போகுது, லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது, வீட்டுப் பொம்பளைங்க பாக்குற மத்தியான சீரியல்ல நடக்குறது அப்படியே அவங்க வீட்டுலயும் நடக்குது. சீரியல் ஓடாத வீடு அப்ப ஏது? விக்ரம் குமார் அதைப் பிடிச்சார் பாருங்க. 'பீட்சா'வுல விஜய் சேதுபதி டார்ச் லைட்டோட அந்த பங்களாவுக்குள்ள மாட்டிக்கிட்டு அலையிறதும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், வெளிச்சம் விழுற அந்த ஒரு வட்டம்தான் நமக்கும் தெரியும். பக்கத்து ஊர்ல இருந்து 2024ல வந்த 'பிரமயுகம்' பாருங்க, முழுக்க கறுப்பு வெள்ளை, மம்மூட்டி ஒரு இடத்துல சும்மா உக்காந்து சிரிக்கிறார், அதுவே தாங்கல.

கேள்வி: அண்ணா, எல்லாருக்கும் பதில் சொல்றீங்க, நீங்க மறுபடி பாக்கவே மாட்டேன்னு வச்சிருக்கிற படம் எது? (ஈரோடு வாசகி)

'ஹெரெடிட்டரி'. 2018, ஆரி ஆஸ்டர். கடைசியில பேய் பூஜைன்னு எங்கெங்கயோ போகுது, அதெல்லாம் நான் தாங்கிக்குவேன். நடுவுல ஒரு கார் சீன். என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். நடந்ததுக்கு அப்புறம் அந்த அண்ணன் பையன் பின் சீட்டைத் திரும்பிப் பாக்கல. அப்படியே வண்டியை மெதுவா வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வர்றான், யாரையும் எழுப்பல, படியேறிப் போய் கட்டில்ல படுத்துக்குறான், கண்ணை மூடல. விடியுது. கீழ அம்மா கிளம்புற சத்தம் கேக்குது, கார்ச்சாவியை எடுக்குறாங்க, கதவு திறக்குது. கேமரா அவன் மூஞ்சியை விட்டு நகரவே இல்ல, நாமளும் அவனோட சேர்ந்து படுத்துக்கிட்டு அந்த அம்மா கத்தப் போறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கோம், அப்புறம் அந்தக் கத்தல் வருது.

நானும் ஒரு தங்கச்சிக்கு அண்ணன். படம் முடிஞ்சப்போ ராத்திரி ஒண்ணரை மணி, அந்நேரத்துக்கு அவளுக்கு ஃபோன் பண்ணினேன், பதறிப்போய் எடுத்தா, ஒண்ணுமில்ல சும்மாதான்னு சொன்னேன், ரெண்டு நிமிஷம் பேசாம அவ மூச்சு விடுறதைக் கேட்டுக்கிட்டு இருந்துட்டு வச்சுட்டேன்.